வாயன் திரும்பும்வரை

மாணிக்கம் அண்ணன் மலையிலிருந்து குளிரைக் கொண்டுவந்து இறங்கிய அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. மலைக்குப் போகிறவர்கள் எதையாவது கொண்டுவருவதுதானே வழக்கம். ஒருத்தர் பேரிக்காய் கொண்டுவருவார், ஒருத்தர் தைலம் கொண்டுவருவார், போன வருஷம் லாரிக்கார அருளப்பன் ஒரு பெண்டாட்டியையே கொண்டுவந்து இறக்கினான், அதற்கே நாங்கள் அடுத்த ஞாயிறு பூசை வரைக்கும்தான் பேசினோம். இவர் கொண்டுவந்தது குளிர். பஸ்ஸில் அவருக்குப் பின்சீட்டில் இருந்த கூடைக் கோழிகள் நட்டநடு மத்தியானத்திலேயே தலையைச் சிறகுக்குள் செருகி அடைந்துவிட்டன, டிரைவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் துண்டு நனைந்துபோனது, கண்டக்டர் "எவன்யா ஐஸ் பெட்டியச் சொல்லாமக் கொள்ளாம ஏத்துனது, லக்கேஜ் போடணும்ல" என்று சீட்டுக்கடியில் எல்லாம் குனிந்து தேடிவிட்டு, கடைசியில் அண்ணனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தவன், லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் ஊர் வெள்ளைக்கரடு, மலை முடிந்து வெயில் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. வெயிலும் மல்லிகையும்தான் எங்களுக்கு, வேறு ஒரு மண்ணும் கிடையாது. விடியுமுன் மொட்டாகப் பறித்து, வெயில் ஏறுமுன் கமிஷன் கடையில் போட்டு, பொழுது சாய்வதற்குள் அது யாராவது ஒருத்தி தலையில் ஏறிவிட வேண்டும். மறுநாள் வரைக்கும் கிடந்த பூவை மாடுகூட மோந்து பார்க்காது. பிரகாசி மதினி, அண்ணனுடைய வீட்டுக்காரி, எங்கள் தெருவிலேயே வேகமாகப் பூக்கட்டுகிறவள். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டு, விரல் மட்டும் மொட்டைத் தடவித் தடவிக் கட்டிக்கொண்டே போகும், முழம் முடிந்ததும் நூலைக் கீழுதட்டோரம் கொண்டுபோய் நறுக்கென்று பல்லால் கடித்து அடுத்த முழத்தை ஆரம்பிப்பாள், கத்திரி, பிளேடு எதுவும் அவள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு வேலை மேலே, மலை ஏரிக்கரையில் இருக்கிற ஒரு பழைய மீன்பிடி கிளப்பில். அந்த ஏரியில் எந்தக் காலத்திலோ ஒரு துரை கொண்டுவந்து விட்ட மீன் இருக்கிறது, கிளப்புக்கு வருகிறவர்கள் அதைப் பாஸ் என்பார்கள், அது வாயைத் திறந்தால் நம் கை முஷ்டி உள்ளே போகும் என்பதால் வேலைக்காரர்களுக்கு அது வாயன். மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருகிறவர்கள் மார்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள், அண்ணன் அரைக்கால் டவுசரோடு இறங்கி அவர்கள் பக்கத்தில் நிற்பார், மீன் எங்கே படுத்திருக்கிறது என்று கையைக் காட்டுவார், அவர்கள் பிடித்ததும் தூண்டில் முள்ளைக் கழற்றி மீனைத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். "பிடிச்சுப் பிடிச்சு விடுறதுக்கு எதுக்குடி இம்புட்டுத் தூரம் வர்றானுக, வேலையத்தவனுக" என்பாள் மதினி. ஆனால் அந்தத் தூண்டிலில் மாட்டுகிற பூச்சியைக் கட்டிக்கொடுப்பது அவள்தான். புழு, மாவு எதுவும் இல்லை, இறகால் செய்த பொய்ப் பூச்சி. முள்ளைச் சுற்றிச் சேவலின் கழுத்துச் சிறகை வைத்து, பூக்கட்டுகிற அதே முடிச்சைப் போட்டு அவள் கட்டின பூச்சியைத்தான் வாயன் நம்பும். அது என் வீட்டுச் சேவல் சிறகு. அந்தச் சேவல் கழுத்தில் ஒரு இறகில்லாமல் மொட்டையாகத் திரிந்தது, யாரிடம் போய்ச் சொல்ல.

மார்கழியிலும் தையிலும் ஏரித் தண்ணீர் கத்தி மாதிரி இருக்கும். அப்போது வாயன் ஆழத்தில் போய்ச் சும்மா கிடக்கும், ஓடாது, துரத்தாது. பூச்சியை அதன் மூக்குக்கு முன்னால் இறக்கிவிட்டு அசைக்காமல் நிற்க வேண்டும். அது இழுக்கவும் இழுக்காது, பூச்சியை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கும், தூண்டில் நரம்பு கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவசரப்பட்டு இழுத்தால் துப்பிவிடும். அது தானாகத் திரும்புகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்பார் அண்ணன். விரல் விறைத்துப் போய்விட்டால் கனம் தெரியாதே, அதனால் நரம்பைக் கீழுதட்டில் வைத்துக்கொள்வார், உடம்பில் கடைசியாக மரத்துப்போவது உதடுதான் என்பார், இதையெல்லாம் மதினியிடம் சொல்லுவார், மதினி பூக்கட்டிக்கொண்டே என்னிடம் சொல்லுவாள், எனக்கு இதில் எல்லாம் என்ன வந்தது என்று நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த மார்கழியில் ஒரு நாள் கிளப்பில் ஆள் இல்லை, அண்ணன் தனக்காகத் தூண்டில் போட்டிருக்கிறார். ஏரியிலேயே பெரிய வாயன் ஒன்று, யார் கண்ணிலும் சிக்காதது, அவருடைய பூச்சியை வாயில் வாங்கிக்கொண்டிருக்கிறது. நரம்பு கனத்திருக்கிறது. அவர் காத்திருந்தார். மீன் திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வெயில் வந்து போனது, மஞ்சு வந்து மூடியது, அவர் காத்துக்கொண்டே இருந்தார், பொழுது சாயும்போது கூட வேலை செய்கிற ராயப்பன் வந்து கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு மறுநாள் பஸ் ஏற்றிவிட்டான். குளிரும் கூடவே ஏறிவிட்டது.

"என்னங்க, என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கீங்க? குளுருதா?" என்றாள் மதினி.

"தெரியல."

"காலு வலிக்குதா?"

"தெரியல."

"பசிக்குதா?"

"தெரியல பிரகாசி."

"பெறகு என்னத்தத்தான்யா தெரியும் ஒங்களுக்கு?"

அண்ணன் நல்லா யோசித்தார். "நீ பிரகாசின்னு தெரியும்" என்றார். மதினி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள், தீக்குச்சி பற்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா தர்மாமீட்டரை வைத்துவைத்துப் பார்த்தார், பாதரசம் குமிழை விட்டு நகரவே இல்லை. "காய்ச்சலா இருந்தா மருந்து இருக்கு, இதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றார், சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, காலையிலிருந்து கரண்டு இல்லை, ஊசி மருந்தெல்லாம் கெட்டுப்போகும், அவர் மடியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அண்ணனும் கையை விரித்து மடியைக் காட்டினார். பங்குச்சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார், தீர்த்தம் அண்ணன் மேல் படுவதற்குள் கல்கண்டு மாதிரி உருண்டு தரையில் ஓடியது. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு, ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லி, அப்படியே பீடத்துக்கு வந்த பூவையும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இங்கேயே வைக்கலாமா என்றார்.

டாக்டரம்மாவும் சாமியாருமே இப்படி என்றால் நாங்கள் சும்மா இருப்போமா? மதினி ஒரு நாள் கட்டி முடிக்காத மொட்டைக் கூடையோடு அண்ணன் படுக்கிற அறையில் மறந்துவிட்டாள், மறுநாள் பார்த்தால் மொட்டு மொட்டாகவே இருக்கிறது, அதற்கு மறுநாளும் அப்படியே. எங்கள் ஊரில் இது என்ன மாதிரிச் சங்கதி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அன்றைக்கே கமிஷன்கடை நாகேந்திரன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிறது மாதிரி உள்ளே வந்து, மொட்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்து, "தங்கச்சி, ஒம் புருசன் மனுசன் இல்லம்மா, தெய்வம்" என்றார். மறுநாள் மூட்டை மூட்டையாக மொட்டு வந்து இறங்கியது. அப்புறம் பால் சொசைட்டிக் கேன் வந்தது, அப்புறம் கல்யாண மாலைகள், அப்புறம் மாட்டு டாக்டரின் மருந்துப் பெட்டி, அப்புறம் குச்சி ஐஸ் விற்கிறவன் தன் வண்டியையே கொண்டுவந்து ஜன்னலோரம் சாத்திவிட்டு வெறும் மணியை மட்டும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனான். வாங்குகிற பிள்ளைகள் இங்கே வந்து எடுத்துக்கொண்டன. மாசி வெயிலில் நாங்கள் பொம்பளைகள் எல்லாம் மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு அந்த வீட்டு வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருப்போம், என்ன சுகம் என்கிறீர்கள். ஒரே சங்கடம், அக்கம்பக்கத்து வீடுகளில் மாவு புளிக்காது, பால் உறையாது, எதிர்வீட்டுக்காரியான நான் தோசைமாவைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தள்ளி என் நாத்தனார் வீட்டில் வைத்துப் புளிக்கவைத்து வாங்கி வருவேன். அதற்கு அவள் ஒரு கரண்டி மாவு எடுத்துக்கொள்வாள்.

அப்புறம் ரைஸ்மில் குருசாமி செத்துப்போனார். மகன் குவைத்தில், வருவதற்குள் உடம்பு தாங்காது, டவுனிலிருந்து ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு வந்தது, ஆனால் கரண்டு இருந்தால்தானே பெட்டி. அவர்கள் வீட்டு ஆட்கள் பாடையோடு மதினி வீட்டு வாசலில் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றார்கள். உள்ளேயிருந்து பார்த்த அண்ணன் கட்டிலில் கொஞ்சம் ஒதுங்கி இடம்விட்டு உட்கார்ந்தார். அதுமுதல் ஊரில் எந்தச் சாவு என்றாலும், பிள்ளை வெளிநாட்டில் இருந்தால், பிணம் அங்கேதான். ஒரு பக்கம் மல்லிகை மொட்டு, ஒரு பக்கம் பால் கேன், நடுவில் செத்தவர், செத்தவர் பக்கத்தில் சப்பணம் போட்டு அண்ணன், வருகிறவர்களுக்குத் தலையை ஆட்டி வாங்க என்பார்.

அந்த அறையில் ஒரு விசேஷம் உண்டு, அழுகை வராது. வாசல் வரைக்கும் மாரில் அடித்துக்கொண்டு வருகிற பொம்பளைகூட உள்ளே கால் வைத்ததும் பாதி ராகத்தில் நிறுத்திவிடுவாள், நிறுத்தினது நிறுத்தினதுதான், வெளியே வந்தாலும் திரும்ப வராது. எங்க அம்மா மாசிக் கடைசியில் போனாள். அவளையும் அங்கேதான் வைத்திருந்தோம், என் தம்பி மஸ்கட்டிலிருந்து வரணுமே. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா கை சில்லென்று இருந்தது, என் கையும் சில்லென்று இருந்தது, யார் கை எது என்று தெரியவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எடுத்துப் புதைத்துவிட்டு வந்து சோறு சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. "அழுது புரண்டு கிடக்காம லூர்து எவ்வளவு தெம்பா இருக்கா பாரு" என்று சொன்னார்கள். தெம்பெல்லாம் ஒன்றும் இல்லை. மரத்துப்போய் இருந்தேன். ஊரே கொஞ்சம் கொஞ்சமாக அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது, சண்டை குறைந்தது, சிரிப்பும் குறைந்தது, நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

பிரகாசி மதினி மட்டும் நினைக்கவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், ஜெனோவா, திருப்பூரில் கட்டிக்கொடுத்தது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து இப்போதுதான் முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, ஏழாம் மாசம் போய்க் கூட்டிவர வேண்டும். அதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சம்பந்தியம்மாள் வந்தாள். வாசலில் ஒரு காலை வைத்தவள் இன்னொரு காலை வைக்கவில்லை. உள்ளே ஒரு பிணம் வேறு இருந்தது, அது எங்கள் நேரம்.

"மதினி, தப்பா எடுத்துக்கிறாதீங்க. ஒங்க மொறையக் கெடுக்கணும்னு எனக்கு ஆசையா? ஆனா இந்த வீட்டுல பச்சப்புள்ளயப் போட்டா வெறச்சுப் போயிருமே. அண்ணனுக்குச் சரியாகட்டும், அப்பப் பேசிக்குவோம். ஆகலன்னா எங்க வீட்டுலயே பாத்துக்கிறோம்" என்றாள், நல்லவள்தான்.

அவள் போனபின் மதினி அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தாள். "நம்ம புள்ளைக்குப் புள்ள வரப்போகுது. கேட்டீங்கள்ல? சந்தோசமா இருக்கா ஒங்களுக்கு?"

"தெரியல."

அதுவரைக்கும் எத்தனையோ தெரியலையை அவள் தாங்கியிருக்கிறாள், இதை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கூடையை இழுத்தாள், கட்டினாள், கட்டினதைத் தூக்கிப் பிடித்தால் மொட்டெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முடிச்சு விழுந்துச்சா விழலயான்னு எனக்குத் தெரியமாட்டேங்குது லூர்து. அவரு பக்கத்துல படுத்துப் படுத்து எங் கையும் போச்சு. மக வந்து புள்ளயக் குடுத்தாக்கூடக் கனம் தெரியுமோ என்னமோ" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை, சுவரில் சாய்ந்திருந்தாள் அல்லவா.

அதற்குப் பிறகு அவள் செய்யாதது கிடையாது. நொச்சி போட்டு வெந்நீர் ஊற்றினாள், ஊற்ற ஊற்றப் பச்சைத் தண்ணியானது. மிளகுக் கஷாயம் தொண்டைக்குள் போகுமுன் கட்டியானது. கடைசியில் மொக்கைச்சாமியின் செங்கல் சூளைக்கு அண்ணனைக் கூட்டிப்போய், எரிகிற வாயில் நிறுத்தினாள், அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார், உஸ்ஸென்று ஒரு சத்தம், சூளை அணைந்துவிட்டது. அத்தனை கல்லும் அரைவேக்காடு. மொக்கைச்சாமி குதியாய்க் குதித்தார், "ஏத்தா, ஒம் புருசனுக்குக் குளுருதுன்னா போர்வையக் குடு ஆத்தா, எங் குடியில எதுக்குத்தா மண்ண அள்ளிப் போடுற" என்றார். அண்ணன் அவரைப் பார்த்து, மன்னிச்சுக்கங்க, எனக்குக் குளிரவில்லை என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாகேந்திரன் தலைமையில் ஏழெட்டுப் பேர் மதினி வீட்டு முன்னால் கூடினார்கள். "தங்கச்சி, நீ பாட்டுக்குச் சூளையில எல்லாம் கொண்டுபோயி நிறுத்தினா எப்படி? நெசமாவே சூடாகிப் போயிருந்தா என்னாகிறது? வைகாசி முகூர்த்தம் வருது, ஊரு பூராப் பூவு உள்ள கெடக்கு. முகூர்த்தம் முடியட்டும், நாங்களே நல்ல வைத்தியனாப் பாத்துக் கூட்டியாறோம்" என்றார். பால் சொசைட்டிக்காரர் ஆமாம் என்றார். அன்றைக்கு உள்ளே கிடந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டருடைய மருமகன், சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் வந்துகொண்டிருக்கிறான், அதுவரைக்குமாவது என்றான்.

"ஒங்க பூவு வாடக் கூடாது, ஒங்க பாலு கெடக் கூடாது, ஒங்க பொணம் நாறக் கூடாது" என்றாள் மதினி. "எம் புருசன் மட்டும் இப்படியே இருக்கணுமாண்ணே?" நாகேந்திரன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். ஆனால் மூட்டையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவர்கள் போனபின் மதினி அண்ணனுக்குச் சோறு பிசைந்து வாயில் கொடுத்தாள், நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் வலதுகையைச் சரியாகப் பார்த்தோம். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதையோ பிடித்திருக்கிறது மாதிரி ஒட்டியே இருந்தன. கீழுதட்டின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. இத்தனை நாளாக எத்தனை பேர் வந்து போன வீடு, எத்தனை கண், ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை.

"என்னத்தப் புடிச்சிருக்கீங்க?" என்று மதினி கேட்டாள்.

"நரம்ப."

"எந்த நரம்ப?"

"அது இன்னும் திரும்பல பிரகாசி" என்றார் அண்ணன். "திரும்பட்டும். அவசரப்பட்டா துப்பிரும்."

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு மதினி கிளம்பினாள், தனியாக விட மனசில்லாமல் நானும் கிளம்பினேன், என் வீட்டுக்காரரை அண்ணனுக்குத் துணைக்கு வைத்தோம். வைகாசியிலும் அந்த மலையில் மஞ்சு இறங்குகிறது, எனக்குப் பல் கிட்டித்துப்போனது, இந்தக் கருமம் பிடித்த குளிரைப் பார்க்கத்தானா பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள் என்று திட்டிக்கொண்டே நடந்தேன். ராயப்பன் எங்களைப் பார்த்ததும் முன்னால் நடந்து கரைக்குக் கூட்டிப்போனான். "அன்னிக்கு அவரு கையிலேருந்து நரம்பப் பிரிச்செடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போச்சுக்கா. அறுத்து விட்டுரலாம்னுதான் பாத்தேன், அம்புட்டு நேரம் நின்ன மனுசன், நாம யாரு அறுக்கறதுக்குன்னு கட்டி வச்சிட்டேன்" என்றான். கரையில் ஒரு மரவேரில் நரம்பு கட்டியிருந்தது. மார்கழியிலிருந்து கட்டினபடியே, ஒரு பாசிகூடப் பிடிக்காமல், விறைப்பாக, நேராகத் தண்ணீருக்குள் போனது. கீழே அது இருந்தது. கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியுமாம், சுற்றிக்கொண்டு போவார்களாம்.

மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நான் கரையில் நின்று வேண்டாம் மதினி, வேண்டாம் மதினி என்கிறேன், அவள் இடுப்பளவு போய்விட்டாள். நரம்பைக் கையில் எடுத்தாள், மரத்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை போல, உதட்டில் வைத்தாள். வைத்ததும் அவள் முகம் மாறியது. "இருக்கு லூர்து. கனமா இருக்கு. சும்மா இருக்கு" என்றாள்.

அப்புறம் அவளும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள். புருஷன் நின்ற அதே இடம், அதே நிலை, கண் ஒரே இடத்தில், உதடு நீலமாகிக்கொண்டு வருகிறது, மஞ்சு வந்து அவள் தோள்வரைக்கும் மூடுகிறது. ராயப்பன் வேறு பக்கத்தில் நின்று, "திரும்பட்டும்க்கா, திரும்புற வரைக்கும் அசையாதீங்க" என்கிறான். இவன் ஒருத்தன். இந்த ஆம்பளைகளுக்கு இது ஒன்றுதான் தெரியும். நான் கத்தினேன், "ஏ மதினி, மாசமா இருக்குற புள்ள அங்க ஆத்தா வருவான்னு பாத்துக்கிட்டிருக்கு, நீ இங்க மீனு திரும்பும்னு பாத்துக்கிட்டு நிக்கிறியா? எம்புட்டு நேரந்தான் ஒரு முழத்தக் கட்டுவ?"

அவளுக்கு எது காதில் விழுந்ததோ. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிறதைச் செய்தாள், நரம்பைக் கீழுதட்டோரம் கொண்டுபோய், நறுக்கென்று கடித்தாள்.

ஏரிக்குள் எங்கேயோ ஆழத்தில் ஒரு புரளல். தண்ணீர் ஒருமுறை தூக்கிப் போட்டு அடங்கியது. கரைக்கு வந்தவளை இழுத்துச் சேலையைப் பிழிந்துவிட்டுக்கொண்டிருந்தேன், அப்போது எனக்கு எங்க அம்மா நினைப்பு வந்தது. அவ்வளவுதான், அப்படியே கரையில் உட்கார்ந்து, ஏ ஆத்தா, என்னைப் பெத்த ஆத்தா, என்று வயிற்றிலிருந்து கதறினேன். மாசியில் செத்தவளுக்கு வைகாசியில் அழுதேன். மதினி என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். ராயப்பன் என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இறங்குகிற வழியில் பஸ் நின்ற இடத்தில் டீ வாங்கினோம். கொதிக்கக் கொதிக்க இருந்ததை மதினி ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள். "ஏ மதினி, வாயி வெந்துரும்" என்றேன், அவள் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஊருக்கு ரெண்டு மைல் இருக்கும்போதே மணம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார், உச்சிப்பொழுது இருக்கும், அறையில் கிடந்த அத்தனை மொட்டும் ஒரே நேரத்தில் பட்பட்டென்று வெடித்துப் பூத்ததாம், மூட்டை பிரிந்து பூ வாசல் வழியாகத் தெருவுக்கு வழிந்ததாம். பால் அத்தனையும் திரிந்துபோனது. ஐஸ்வண்டி சிவப்பும் மஞ்சளுமாகச் சாக்கடையில் ஓடியது. போஸ்ட்மாஸ்டரை மகன் வருமுன்னேயே அவசர அவசரமாக எடுத்தார்கள், பூவுக்குப் பஞ்சமில்லை, அந்த மாதிரிப் பூப்போட்ட சாவை நாங்கள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தெரு முழுக்க அழுகை. அந்த அறையில் பாதியில் நிறுத்தினவர்கள் எல்லாம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்கள், குருசாமி மகன் குவைத்திலிருந்து போன் போட்டு அழுதான். நாகேந்திரன் வாடின மூட்டைமேல் உட்கார்ந்து, என்றைக்கோ செத்த தன் முதல் சம்சாரத்துக்காக அழுதுகொண்டிருந்தார், மதினியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் கட்டிலில் காலைப் பிடித்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தார். விட்டுப்போன உணர்ச்சி எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பினால் சும்மாவா? "வலிக்குது பிரகாசி, ஐயோ, வலிக்குது" என்று கத்தினார். மதினி வாசலிலேயே நின்றுவிட்டாள். "வலிக்குதா?" என்றாள். "உசுரு போகுதுடி!" என்றார். "வலிக்கட்டும்யா, நல்லா வலிக்கட்டும்" என்று சொல்லி ஓடிப்போய் அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஏழாம் மாசம் போய் மகளைக் கூட்டிவந்தாள். ஊரில் பாதிப்பேர் கொஞ்ச காலம் பேசவில்லை, பிறகு பூக்கட்ட ஆள் வேண்டுமே, பேசினார்கள். மதினியின் விரல் பழையபடி ஆகிவிட்டது, மொட்டு உதிரவில்லை. ஆவணியில் பெண்பிள்ளை பிறந்தது. அண்ணனுக்கு இன்னும் சாயங்காலமானால் கால் வலிக்கும், போகிற வருகிறவர்களிடம் எல்லாம் வலிக்குது வலிக்குது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். ஜெனோவா பிள்ளையை ஆத்தா கையில் கொடுத்தாள். மதினி குனிந்து அதன் நெற்றியில் உதட்டை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. இந்தப் பக்கம் வைத்தாள், கன்னத்தில் வைத்தாள், திரும்ப நெற்றியில் வைத்தாள். "போதும் மதினி, பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது" என்று சிரித்தோம்.

"என்னா, சூடா இருக்காளா எம் பேத்தி?" என்றார் அண்ணன்.

மதினி நிமிர்ந்தாள். "தெரியல" என்றாள்.

அந்தச் சொல்லை எங்களுக்குத் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நரம்பைக் கடித்த அந்த உதடும், அதற்குச் சுடாத அந்த டீயும் ஞாபகம் வந்தன. அண்ணன் பிள்ளையை வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு, வலிக்கிற காலை மெதுவாக மடக்கி மதினி பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டைவிரலை அவள் கீழுதட்டின் மேல் வைத்தார், அழுத்தாமல், நரம்பைப் பிடிக்கிற மாதிரி.

"அவசரமில்ல பிரகாசி" என்றார். "நான் இருக்கேன்." விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். காத்திருக்க அவருக்குத் தெரியும்.